துளை சாய்வதும் வாய் நசுங்குவதும்: இரண்டும் வேறு வேறு கோளாறு

மரச் சட்டங்களை இணைப்பதற்கான நீள்சதுரத் துளையை 12 மி.மீ. உளியால் குடையும்போது துளை ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது, துளையின் முனையைக் குறிக்கும் கோட்டின் ஓரமும் நசுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

நசுங்கலை முதலில் பார்ப்போம். முதல் அடியையே கோட்டின் மேல் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உளியின் சரிவுப் பக்கம் ஆப்பு மாதிரி வேலை செய்யும். அடிக்க அடிக்க உளியைப் பின்னால் தள்ளி கோட்டைத் தாண்ட வைக்கும். இரு முனையிலும் 2, 3 மி.மீ. விட்டு உள்ளே தொடங்குங்கள். சிராயை நெம்பி எடுக்கும்போது உளியின் முதுகு சாய்வது அந்த மிச்ச மரத்தில்தான். அது நசுங்கினால் நசுங்கட்டும். முழு ஆழமும் போன பிறகு, கடைசியாக, தட்டையான முதுகைக் கோட்டில் வைத்து நேராகச் செதுக்கி எடுத்துவிடலாம்.

சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் நிற்கும் இடம். மரத்துக்குப் பக்கவாட்டில் நின்றால் கண் ஏமாற்றும். துளையின் நீளத்துக்கு நேராக, மரத்தின் முனையில் நில்லுங்கள். பக்கத்தில் மூலைமட்டத்தை (செங்கோணம் பார்க்கும் கருவி) நிறுத்தி வைத்து, உளி அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நானும் பல துளைகளைக் கெடுத்த பிறகுதான் இடம் மாறி நின்றேன்.

மறுபுறம் வரை போகும் துளையா? இரு முகத்திலும் கோடு போட்டு, இருபுறமிருந்தும் பாதிப் பாதியாகக் குடையுங்கள். ஒரே பக்கமாக அடித்தால் மறுபுறம் பிய்ந்துவிடும்.

துளையின் அகலத்தை அளவுகோல் வைத்துக் குறிக்காதீர்கள். உளியின் அகலத்தையே வைத்துக் கோடு போடுங்கள். கழுந்தை, அதாவது துளைக்குள் நுழையும் மர நாக்கை, அதற்குப் பிறகு அறுக்கலாம்.