மாமியார் கூப்பிடுவதால் ஜெபம் கெடாது

கேள்வி: தினமும் காலை 4.30-க்கு எழுந்து ஜெபிக்கிறேன். ஒரே வருஷத்தில் வேதத்தை முடிக்க அட்டவணை போட்டு வாசிக்கிறேன். வெள்ளிதோறும் உபவாசம், மாதாமாதம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம். ஆனாலும் ஆண்டவர்மேல் அன்பே இல்லை. எல்லாம் கடமைக்குச் செய்கிற மாதிரி இருக்கிறது. அந்த நேரம் பார்த்து மாமியார் வேறு பாத்ரூம் போகக் கூப்பிடுவார். கதவைப் பூட்டிக்கொண்டால்தான் ஜெபிக்க முடிகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, மணி, கிழமை, அட்டவணை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மாமியாருக்கு உடம்புக்கு என்ன என்று எழுதவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டு கிடக்கிறார்? படுக்கை நனைந்துபோனால் அதைத் துவைக்கும்போது உங்கள் வாயில் என்ன வார்த்தை வருகிறது?

"உன் கதவைப் பூட்டி" என்று மத்தேயு 6:6-ல் இருக்கிறதே என்பீர்கள். அது மனுஷர் பார்க்க ஜெபிக்கிறவர்களுக்குச் சொன்னது. வெள்ளிக்கிழமை உபவாசத்தில் ஏசாயா 58-ஐ எடுத்து வாசியுங்கள். தேவனுக்கு உகந்த உபவாசம் எது என்று சொல்லிவந்து, 7-ம் வசனம் "உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்" என்று முடிகிறது. மாம்சமானவன் என்றால் சொந்தக் குடும்பத்தார். அவர்களிடமிருந்துதான் நீங்கள் ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள். கண்ட சகோதரனிடத்தில் அன்பு இல்லாதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று யோவான் கேட்கிறாரே, உங்களிடம்தான் கேட்கிறார். அந்தத் தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

நாளைக்கு எழுந்ததும் முதலில் அவர் அறைக்குப் போங்கள், அவர் கூப்பிடுவதற்கு முன்னால். உடனே நடக்கவிடாதீர்கள். காலைத் தொங்கப்போட்டு 2 நிமிஷம் கட்டிலில் உட்காரட்டும். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். வயதானவர்கள் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தரையில் ஈரம் இருக்கக் கூடாது, வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறாரா? ராத்திரி கொடுத்தால் விடிய விடிய எழுந்திருக்க வேண்டியதுதான். டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றப் பாருங்கள். பிறகு காப்பி கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து 121-ம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். எட்டே வசனம். முடிவில் உங்களுக்காக அவரை ஜெபிக்கச் சொல்லுங்கள்.

அட்டவணைக்கு வருவோம். வேதத்தில் 1,189 அதிகாரம். நாளுக்கு 3, ஞாயிறு 5 என்று போனால் வருஷத்தில் முடியும். ஆனால் 4 நாள் தவறினாலே 12 அதிகாரம் பாக்கி விழும். அதைத் தீர்க்க, சட்டதிட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் கண்தான் ஓடும், ஒன்றும் மனசில் தங்காது. பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. தசமபாகத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். அதையும் விடக் கூடாது என்று மத்தேயு 23:23-ல் இயேசுவே சொல்லியிருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன், உங்கள் கணவர் எங்கே? கடிதம் முழுக்கத் தேடினேன், காணோம். பெற்ற தாய் கூப்பிடும்போது மகன் தூங்குகிறாரா? தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது 1 தீமோத்தேயு 5:8. அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மருமகள்தான் பார்க்கவேண்டும் என்று வேதத்தில் எங்கும் கிடையாது. கூச்சமாக இருக்கிறது என்பார். கைபிடித்து வாசல்வரை கூட்டிப்போய் வெளியே நிற்கட்டும். வாரத்தில் 3 நாள் அவர் முறை. அந்த நாட்களில் நீங்கள் 5.30 வரை தூங்குங்கள்.