பங்குக் கணக்குக்கு மென்பொருள்: வாங்கும் முன் ஐ.டி.சி.யைப் போட்டுப் பாருங்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "இரண்டு புரோக்கர்களிடம் டீமேட் கணக்கு வைத்திருக்கிறேன். அப்பா காலமான பிறகு அவருடைய பங்குகளும் ஒரு கணக்குக்கு மாறி வந்துவிட்டன. வருடத்துக்கு நூற்றைம்பது டிரேடு வரும், நடுவில் கொஞ்சம் இன்ட்ராடேவும் (அன்றே வாங்கி அன்றே விற்பது) உண்டு. இதுவரை எக்செலில் எழுதி வந்தேன், இந்த வருடம் கணக்கு இடிக்கிறது. வருமான வரித் தாக்கலுக்கு எந்த மென்பொருள் வாங்கலாம்?"

முதலில் ஒன்று. ஒரே புரோக்கர், எல்லாப் பங்கும் அங்கேயே வாங்கியது, எல்லாமே 2018-க்குப் பிறகு வாங்கியது என்றால் எந்த மென்பொருளும் வேண்டாம். புரோக்கர் இலவசமாகத் தரும் டாக்ஸ் பி அண்ட் எல் (வரிக்கான லாப நட்ட) அறிக்கையே போதும். உங்கள் நிலைமை அப்படி இல்லை. இரண்டு கணக்கு, அப்பாவின் பழைய பங்கு, இன்ட்ராடே ஆகிய மூன்றும் சேர்ந்தால் புரோக்கர் அறிக்கையை மட்டும் நம்ப முடியாது. வேறு இடத்தில் வாங்கி உள்ளே வந்த பங்கின் விலையும் தேதியும் அவர்களுக்குத் தெரியாது.

சந்தையில் இரண்டு வகை இருக்கிறது. குயிக்கோ, கிளியர்டாக்ஸ் போன்றவை முதன்மையாக ரிட்டர்ன் தாக்கல் செய்யும் தளங்கள். புரோக்கர் அறிக்கையை ஏற்றினால் அதைப் படிவத்துக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுக்கும். எம்ப்ராஃபிட் போன்றவை பங்குக் கணக்கை வருடா வருடம் தொடர்ந்து வைத்திருக்கும் பேரேடு. உங்களுக்கு முதலில் வேண்டியது இந்த இரண்டாவது வகை. பேரேடு சரியாக இருந்தால் தாக்கலை எந்தத் தளத்திலும், ஏன், வருமான வரித் துறையின் தளத்திலேயே கூடச் செய்துகொள்ளலாம்.

எதை வாங்குவது என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலவச சோதனைக் காலத்தில் உங்கள் கையில் இருக்கும் சிக்கலான பங்கு ஒன்றை உள்ளே போட்டுப் பாருங்கள். நான் எப்போதும் ஐ.டி.சி.யைத்தான் சொல்வேன்.

2021-ல் 210 ரூபாய்க்கு 200 ஐ.டி.சி. பங்கு வாங்கினீர்கள் என்று வையுங்கள். அடக்கம், அதாவது வாங்க ஆன செலவு, 42,000 ரூபாய். 2025 ஜனவரியில் ஹோட்டல் தொழில் தனியாகப் பிரிந்தது. பத்துக்கு ஒன்று வீதம் 20 ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் பங்கு உங்கள் கணக்கில் வந்து விழுந்தது. அது இலவசமாக வந்த பங்கு அல்ல. பழைய அடக்கத்தில் 86.49 சதவீதம் ஐ.டி.சி.யிலேயே நிற்கும், 13.51 சதவீதம் ஹோட்டல்ஸுக்குப் போகும் என்று நிறுவனமே அறிவித்தது. அதாவது 36,325.80 ரூபாய் அங்கே, 5,674.20 ரூபாய் இங்கே. ஹோட்டல்ஸ் பங்கு ஒன்றின் அடக்கம் 283.71 ரூபாய். அதை 200 ரூபாய்க்கு விற்றால் 4,000 ரூபாய் வரும், 1,674.20 ரூபாய் நட்டம். வாங்கிய தேதியும் 2021-தான், அதனால் அது லாங் டெர்ம் (ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கின்) நட்டம்.

இதே விற்பனையை அடக்கம் பூஜ்யம் என்றும், பங்கு 2025-ல் வந்தது என்றும் போட்டால் 4,000 ரூபாய் ஷார்ட் டெர்ம் லாபம் என்று காட்டும். 2024 ஜூலை 23 முதல் அதற்கு 20 சதவீத வரி. இல்லாத லாபத்துக்கு வரி கட்டி, இருக்கும் நட்டத்தையும் கைவிடுகிறோம். போன வருடம் என்னிடம் வந்த ஒருவரின் கணக்கில் இது அப்படியே நடந்திருந்தது. மென்பொருள் போட்ட எண்ணை அவர் இரண்டு வருடமாகத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தொகை சிறியதுதான். ஆனால் அதே தவறு ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிந்ததிலும் இருந்தது. அங்கே விகிதம் 95.32-க்கு 4.68.

அடுத்த சோதனை உங்கள் இரண்டு கணக்குகள். முதலில் வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்ளும் விதி ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனியாகப் பொருந்தும். 2019-ல் 100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு முதல் கணக்கில் இருக்கிறது. போன மாதம் 300 ரூபாய்க்கு வாங்கிய அதே பங்கு இரண்டாவது கணக்கில் இருக்கிறது. இரண்டாவதிலிருந்து விற்றால் அடக்கம் 300, அது ஷார்ட் டெர்ம். பல செயலிகள் எல்லாவற்றையும் ஒரே குவியலாக்கி, 2019 பங்கை விற்றதாகக் கணக்குப் போடும். மொத்த முதலீட்டைப் பார்க்க அந்தக் குவியல் அழகாக இருக்கும், வரிக்கு உதவாது. கணக்குவாரியாகப் பிரித்து வைக்க வழியில்லாத மென்பொருளை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இன்ட்ராடேவும் இதே மாதிரிதான். கையில் 100 பங்கு இருக்கும்போதே அதே பங்கில் 50 வாங்கி அன்றே 50 விற்றால், அது கையில் இருக்கும் டெலிவரிப் பங்கைத் தொடக் கூடாது. அது ஊக வணிக வருமானம், டெலிவரிப் பங்கை விற்று வரும் மூலதன ஆதாயம் அல்ல. அதில் வரும் நட்டத்தை ஊக வணிக லாபத்தில் மட்டுமே கழிக்கலாம், நான்கு வருடம் வரை கொண்டுபோகலாம். இன்ட்ராடே இருப்பதால் உங்களுக்கு ஐ.டி.ஆர்.-2 என்ற வருமான வரிப் படிவம் போதாது, ஐ.டி.ஆர்.-3 வேண்டும். மென்பொருள் ஊக வணிகத்தையும் மூலதன ஆதாயத்தையும் தனித்தனி அறிக்கையாகத் தருகிறதா என்று பாருங்கள். மூலதன ஆதாயத்தை முன்வரிக் (வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி) காலாண்டுகளின்படி, அதாவது ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று பிரித்தும் தர வேண்டும். படிவம் அப்படித்தான் கேட்கிறது. கையால் பிரித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இனி அப்பாவின் பங்குகள். இதில் எந்த மென்பொருளும் தானாக உதவாது. அவர் வாங்கிய விலையும் தேதியும்தான் உங்களுக்கும் விலையும் தேதியும். ஆனால் மென்பொருளுக்குத் தெரிவது உங்கள் கணக்குக்குப் பங்கு வந்த நாள் மட்டுமே. நீங்கள்தான் உள்ளே போய் மாற்ற வேண்டும், அதற்கு அது அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் 2018 பிப்ரவரிக்கு முன்பு வாங்கியவை என்றால் ஒரு சலுகையும் உண்டு: 2018 ஜனவரி 31 உச்ச விலை வாங்கிய விலையைவிட அதிகம் என்றால், விற்ற விலையைத் தாண்டாமல் அதையே அடக்கமாகக் கொள்ளலாம். 2012-ல் 40 ரூபாய்க்கு வாங்கிய பங்கின் 2018 ஜனவரி 31 உச்ச விலை 120 என்று வையுங்கள். இன்று 300-க்கு விற்றால் அடக்கம் 120. 90-க்கு விற்றால் அடக்கம் 90, லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இடையில் அந்தப் பங்கு ஒன்றுக்கு இரண்டாகப் பிரிந்திருந்தால் 120 என்பது 60 ஆக வேண்டும். மென்பொருள் இதைச் செய்கிறதா என்று ஒரு பங்கையாவது கையால் சரிபாருங்கள்.

வாங்கிய விலை கிடைக்கவில்லையே என்று பலர் தவித்துப் போகிறார்கள். பழைய பங்குகளில் அசல் விலை பெரும்பாலும் 2018 விலையைவிடக் குறைவாகவே இருக்கும். அப்படியானால் கணக்கை முடிவு செய்வது அந்த 2018 விலைதான். அந்தத் தேதியில் பங்கு அப்பாவிடம் இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். அவருடைய பழைய டீமேட் பரிவர்த்தனை அறிக்கையை அவர் கணக்கு வைத்திருந்த இடத்தில் எழுதிக் கேளுங்கள். மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

கணக்கு முடிந்ததும், வருமான வரித் துறை தன் தளத்தில் உங்களைப் பற்றித் தொகுத்து வைத்திருக்கும் ஏ.ஐ.எஸ். அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அதில் விற்பனைத் தொகை அன்றைய முடிவு விலையில் மதிப்பிடப்பட்டிருக்கலாம், வாங்கிய விலை விடுபட்டிருக்கலாம். நூறு இருநூறு வித்தியாசத்துக்குப் பதற வேண்டாம், ஒவ்வொரு டிரேடுக்கும் புரோக்கர் தரும் கான்ட்ராக்ட் நோட்டில் உள்ளதுதான் சரி. ஆனால் அதில் இருக்கும் ஒரு விற்பனை உங்கள் பேரேட்டில் இல்லவே இல்லை என்றால், உட்கார்ந்து தேடுங்கள்.

அப்புறம், எந்த மென்பொருளுக்கும் டிரேடிங் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கான்ட்ராக்ட் நோட்டையோ டிரேட் அறிக்கையையோ ஏற்றினாலே போதும். மார்ச் 31 முடிந்ததும் முழுப் பேரேட்டையும் எக்செலாக இறக்கி, அந்த வருட கான்ட்ராக்ட் நோட்டுகளோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். எக்செலாக இறக்க முடியாது என்று சொல்லும் மென்பொருள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.