1815: ஒரே ஆண்டைப் பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்ற பிறகுதான் வியன்னா மாநாடு கூடியது என்று ஒரு வழிகாட்டி நூலில் இருக்கிறது. போட்டித் தேர்வுக்கு அப்படியே படிக்கலாமா?

படிக்க வேண்டாம், வரிசை தலைகீழாக இருக்கிறது. மாநாடு 1814 இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. நாடுகடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து நெப்போலியன் கிளம்பியது 1815 பிப்ரவரி 26. பிரான்சில் கரையிறங்கியது மார்ச் 1. பாரிஸை அடைந்தது மார்ச் 20. அப்போதெல்லாம் வல்லரசுப் பிரதிநிதிகள் வியன்னாவில் உட்கார்ந்து எல்லை வகுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 121 பிரிவுகள் கொண்ட இறுதி உடன்படிக்கை ஜூன் 9 அன்று கையெழுத்தானது. வாட்டர்லூ போர் ஜூன் 18. ஐரோப்பிய வரைபடம் போருக்கு ஒன்பது நாள் முன்பே முடிவாகிவிட்டது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், பாரிஸ் ஒப்பந்தம் என்ற பெயரில் இரண்டு இருப்பது. முதலாவது 1814 மே 30, இரண்டாவது 1815 நவம்பர் 20. வாட்டர்லூவுக்குப் பின் வந்தது இரண்டாவதுதான், அது கடுமையானது. பிரான்சின் எல்லை 1792 நிலையிலிருந்து 1790 நிலைக்குச் சுருங்கியது. 70 கோடி பிராங்க் இழப்பீடு, 1,50,000 அந்நியப் படையினர் பிரெஞ்சு மண்ணில் தங்குவது ஆகியவையும் சேர்ந்தன. தேர்வில் "வாட்டர்லூவின் விளைவு" என்று கேட்டால் இதை எழுதுங்கள்.

புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் பகுதிகளைத் திருப்பித் தர 1814 ஒப்பந்தத்திலேயே ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டார்கள். இடையில் நெப்போலியன் திரும்பி வந்ததால் காரியம் தள்ளிப்போனது. புதுச்சேரி உண்மையில் கைமாறியது 1816 டிசம்பர் 4, காரைக்கால் 1817 ஜனவரி 14.

கேள்வி: தம்போரா எரிமலை 1815-ல் வெடித்தது. "கோடையே வராத ஆண்டு" 1816 என்கிறார்கள். ஏன் ஓராண்டு தாமதம்?

குளிரைக் கொண்டுவந்தது சாம்பல் என்று எண்ணுவதால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது. சாம்பல் கனமானது, பெரும்பகுதி சில வாரங்களில் தரைக்கு வந்துவிடும். வேலையைச் செய்தது கந்தக டை ஆக்சைடு. தம்போரா சுமார் 6 கோடி டன் கந்தக டை ஆக்சைடை மேல் வளிமண்டலத்துக்கு அனுப்பியது என்பது மதிப்பீடு. அந்த உயரத்தில் மழை இல்லை, கழுவி இறக்க வழியும் இல்லை. வாயு நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறச் சில வாரங்கள் பிடிக்கும். அந்தத் துளிகளைக் காற்று உலகம் முழுக்கப் பரப்பச் சில மாதங்கள் ஆகும். பரவிய பிறகு ஓரிரு ஆண்டுகள் அங்கேயே நின்று வெயிலைத் திருப்பி அனுப்பும். ஏப்ரலில் வெடித்த மலையின் முழு விளைவு அடுத்த ஆண்டுக் கோடையில் தெரிந்தது இதனால்தான்.

உலகச் சராசரி வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் அளவுதான் குறைந்தது. சராசரியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் 1816 ஜூனில் பனி பெய்தது. மேற்கு ஐரோப்பாவில் மழை விடாமல் பெய்து பயிர் அழுகியது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1809-ல் எங்கோ ஒரு பெரிய எரிமலை வெடித்திருக்கிறது. எந்த மலை என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை, துருவப் பனிக்கட்டியில் அதன் கந்தகத் தடம் மட்டும் கிடைத்திருக்கிறது. ஏற்கெனவே குளிர்ந்திருந்த பத்தாண்டின் மேல்தான் தம்போரா வந்து விழுந்தது.

மலை இருப்பது இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில். முதல் பெரும் வெடிப்பு ஏப்ரல் 5, உச்சம் ஏப்ரல் 10 மாலை. ஏறத்தாழ 4,300 மீட்டராக இருந்த மலை இன்று சுமார் 2,850 மீட்டர். உச்சியில் 6 கிலோமீட்டர் அகலத்தில் பெரும்பள்ளம். எரிமலை வெடிப்பை அளக்கும் 0 முதல் 8 வரையிலான அளவையில் இது 7. 1883-ன் கிரக்கதோவா 6. ஜாவா அப்போது ஆங்கிலேயர் வசம், அதன் துணை ஆளுநர் ராஃபிள்ஸ். ஏப்ரல் 5-ல் கேட்ட சத்தத்தைப் பீரங்கி என்று நினைத்து யோக்யகர்த்தாவிலிருந்து ஒரு படைப்பிரிவு புறப்பட்டது. கரையோரங்களில் ஆபத்தில் சிக்கிய கப்பலைத் தேடிப் படகுகள் போயின. மக்காசரிலிருந்து 'பெனாரஸ்' என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கடற்கொள்ளையரைத் தேடிக் கிளம்பியது.

உயிரிழப்பு குறைந்தது 71,000 என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கு. பழைய நூல்களில் 92,000 இருக்கும். அவர்களில் பெரும்பாலோர் இறந்தது பின்னால் வந்த பஞ்சத்திலும் நோயிலும். மலையடியில் இருந்த தம்போரா, பெக்காட் என்ற இரு சிற்றரசுகள் மக்களோடு அழிந்தன. தம்போரா மக்கள் பேசிய மொழியில் இன்று மிஞ்சியிருப்பது சில டஜன் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே. வெப்பநிலைக் கணக்கைச் சொல்லும் கட்டுரைகள் பலவும் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: அப்படியானால் வாட்டர்லூவில் முந்தின நாள் கொட்டிய மழைக்கும் தம்போராதான் காரணமா?

நிரூபணம் இல்லை. மேலே சொன்ன காலக்கணக்கும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஏப்ரல் வெடிப்புக்கும் ஜூன் 17 மழைக்கும் இடையே இரண்டு மாதம்தான். பெல்ஜியத்தில் ஜூன் மழை அபூர்வமும் இல்லை.

மழை போரைப் பாதித்தது மட்டும் உண்மை. அன்றைய இரும்புக் குண்டு தரையில் பட்டு எழும்பி எழும்பிப் போய்த்தான் வரிசை வரிசையாக ஆட்களை வீழ்த்தும். சேற்றில் அது புதைந்துவிடும். பீரங்கிகளை நகர்த்துவதும் சிரமம். போர் முற்பகல் 11:30 வாக்கில்தான் தொடங்கியது. மாலை 4:30 அளவில் பிளான்செனுவா கிராமத்துப் பக்கம் எதிரணியின் பிரஷ்யப் படை வந்து இறங்கியபோது நெப்போலியனுக்கு நேரம் தீர்ந்துபோயிருந்தது. நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் 68,000 பேரில் பிரிட்டிஷார் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மற்றவர்கள் டச்சு, பெல்ஜிய, ஜெர்மானியப் படையினர். "ஆங்கிலேயர் வெற்றி" என்று மட்டும் எழுதினால் பாதி கூடச் சொன்னதாகாது.

கேள்வி: "நூறு நாள் ஆட்சி" சரியாக நூறு நாளா?

இல்லை. நெப்போலியன் பாரிஸ் வந்த மார்ச் 20 முதல் பதவி துறந்த ஜூன் 22 வரை 94 நாள். பதினெட்டாம் லூயி பாரிஸ் திரும்பிய ஜூலை 8 வரை எண்ணினால் 110. மன்னரை வரவேற்ற பாரிஸ் ஆட்சி அதிகாரி தம் உரையில் "நூறு நாள்" என்று சொன்னார், அது நிலைத்துவிட்டது. வினாடி வினாவுக்குக் கேள்வி தயாரிப்பவர்கள் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று குறிப்பிட்டுக் கேட்பது நல்லது.

கேள்வி: வாட்டர்லூ முடிவைப் புறா மூலம் முதலில் அறிந்து ராத்ஸ்சைல்ட் லண்டன் பங்குச் சந்தையையே வாங்கிவிட்டாராமே?

வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் கதை. லண்டன் வங்கியாளர் நேத்தன் ராத்ஸ்சைல்ட் போர்க்களத்தில் நின்று பார்த்தார், புயலில் கடல் கடந்தார் என்பதெல்லாம் 1846-ல் பிரான்சில் வெளியான, யூத வெறுப்பைப் பரப்பும் ஒரு துண்டு நூலிலிருந்து பரவியவை. போரன்று அவர் களத்தில் இல்லை. வெலிங்டனின் அதிகாரபூர்வ அறிக்கையோடு ஹென்றி பெர்சி லண்டன் சேர்ந்தது ஜூன் 21 இரவு. அதற்குச் சற்று முன்பே சில தனியார் தகவல்கள் வந்திருந்தன என்பது வேறு விஷயம். அதிலிருந்து ஒரு சாம்ராஜ்யத்தையே வாங்கியதாகச் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது.

கேள்வி: கண்டி இராச்சியம் போரில் வீழ்ந்ததா, ஒப்பந்தத்தில் ஒப்படைக்கப்பட்டதா? ஒப்பந்தத்தில் தமிழ்க் கையொப்பம் இருப்பது உண்மையா?

இரண்டும் கலந்தது. 1803-ல் படையெடுத்த ஆங்கிலேயர் கண்டியில் படுதோல்வி அடைந்தார்கள். 1815-ல் நிலைமை வேறு. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கும் சிங்களப் பிரதானிகளுக்கும் பகை முற்றியிருந்தது. 'அதிகாரம்' என்ற முதன்மை அமைச்சர் பதவியில் இருந்த எகலப்பொல ஏற்கெனவே ஆங்கிலேயர் பக்கம் போயிருந்தார். ஆங்கிலேய அதிகாரி ஜான் டொய்லி பல ஆண்டுகளாக உளவுத் தகவல் சேகரித்துப் பிரதானிகளோடு தொடர்பில் இருந்தார். படைகள் பிப்ரவரி நடுவில் எதிர்ப்பு ஏதும் இல்லாமல் கண்டிக்குள் நுழைந்தன. பிப்ரவரி 18 அன்று மெதமகாநுவரவுக்கு அருகே அரசன் பிடிபட்டான். மார்ச் 2 அன்று, நெப்போலியன் பிரான்சில் கரையிறங்கிய மறுநாள், ஆளுநர் பிரவுன்ரிக் முன்னிலையில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது.

பிரிவுகளைத் தனித்தனியாகப் படிப்பவர்களுக்கு: இரண்டாவது, அரசனை நீக்கி, அவன் வம்சத்துக்கு அரியணை உரிமை இல்லை என்கிறது. மூன்றாவது, அவனது ஆண் உறவினரைக் கண்டி நாட்டுக்குள் வரத் தடை செய்கிறது. நான்காவது ஆட்சியைப் பிரிட்டிஷ் முடிக்குத் தருகிறது. ஐந்தாவது பௌத்த சமயத்தைக் காப்பதாக உறுதி தருகிறது. ஆறாவது சித்திரவதையையும் உறுப்புச் சிதைப்பையும் ஒழிக்கிறது. ஏழாவதின்படி ஆளுநரின் ஆணை இல்லாமல் மரண தண்டனை இல்லை. மிகுதியாகப் பேசப்படுவது ஐந்தாவது. தமிழர் கவனிக்க வேண்டியது இரண்டும் மூன்றும். தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியரைக் குறிக்க ஆங்கிலேயர் அன்று பயன்படுத்திய "மலபார்" என்ற சொல்லால் அரசனின் இனத்தையே அந்நியமாக்கும் வாசகம் அங்கேதான் இருக்கிறது.

கையொப்பம் பற்றி: ஆம், சில சிங்களப் பிரதானிகளின் கையொப்பங்களில் தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன. நாயக்க வம்ச ஆட்சியில் கண்டி அரசவையில் தமிழ் புழங்கியதன் தடயம் அது. யாருடைய கையொப்பம் எந்த எழுத்து என்பதில் ஆய்வாளரிடையே விவாதம் நடக்கிறது. அதனால் பெயர்ப்பட்டியலோடு பரவும் பதிவுகளை அப்படியே எடுத்தாள வேண்டாம்.

கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட அரசன் 1816 ஜனவரியில் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1832 ஜனவரி 30 அன்று அங்கேயே இறந்தான். வேலூரில் பாலாற்றங்கரை முத்து மண்டபம் அவனுடைய நினைவிடம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதானிகள் சிலரே 1818 ஊவா கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்தார்கள். அதை அடக்கிய பின் 1818 நவம்பர் 21 பிரகடனம் அவர்களின் அதிகாரத்தை வெகுவாகக் குறைத்தது.

கேள்வி: சமாதானம் ஆன பிறகு நடந்த போர் என்று நியூ ஆர்லியன்ஸைச் சொல்வது சரியா?

பாதி சரி. அமெரிக்க-பிரிட்டிஷ் சமாதான ஒப்பந்தம் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் 1814 டிசம்பர் 24 அன்று கையெழுத்தானது. நியூ ஆர்லியன்ஸ் போர் 1815 ஜனவரி 8. ஆனால் இரு தரப்பும் ஏற்புறுதி செய்த பிறகே சண்டை நிற்கும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. அமெரிக்க செனட் ஒப்புதல் தந்தது பிப்ரவரி 16. ஆக, ஜனவரியில் சட்டப்படி போர் நடந்துகொண்டுதான் இருந்தது.

நிஜமாகவே சமாதானத்துக்குப் பிறகு நடந்த சண்டை வேறொன்று, அது நம் பக்கத்துக் கடலில். ஏற்புறுதி கைமாறிய பிப்ரவரி 17-லிருந்து செய்தி போய்ச் சேரக் கடல் வாரியாக அவகாசம் வைத்தார்கள்: அமெரிக்கக் கரைக்கு 12 நாள், மிகத் தொலைவுக்கு 120 நாள். 120 நாள் ஜூன் 17-ல் முடிகிறது. ஜூன் 30 அன்று ஜாவாவை ஒட்டிய சுந்தா நீரிணையில் 'பீகாக்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல், கிழக்கிந்தியக் கம்பெனியின் 'நாட்டிலஸ்' கப்பலைச் சுட்டது. சமாதானம் ஆகிவிட்டது என்று நாட்டிலஸ்காரர்கள் சொல்லியும் கேட்கவில்லை. அந்தப் போரின் கடைசிக் கடற்சண்டை அதுதான்.

கேள்வி: நேபாள சுகௌலி ஒப்பந்தம் 1815-ஆ, 1816-ஆ?

கையெழுத்து 1815 டிசம்பர் 2, ஏற்புறுதி 1816 மார்ச் 4. காத்மாண்டு ஏற்க மறுத்ததால் ஆங்கிலேயத் தளபதி ஆக்டர்லோனி மறுபடியும் படையெடுத்தார், அதுதான் இடைவெளி. கூர்க்கா படைப்பிரிவின் தொடக்க நாள் 1815 ஏப்ரல் 24, போர் நடந்துகொண்டிருக்கும்போதே.

கேள்வி: நிலக்கரிச் சுரங்கத்துக்கான டேவி பாதுகாப்பு விளக்கு 1815-ல் வந்தது. வெறும் கம்பி வலை எப்படி வெடிப்பைத் தடுக்கும்?

மீத்தேன் தீப்பற்ற ஒரு குறிப்பிட்ட வெப்பம் வேண்டும். சுடர் வலையைத் தொடும்போது உலோகம் வெப்பத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால் வெளியே உள்ள வாயு அந்த வெப்பத்தை எட்டாது. டேவி கொடுத்த அளவு: ஓர் அங்குல நீளத்தில் 28 கண்கள், சதுர அங்குலத்துக்கு 784. கண் பெரிதானால் தீ தாண்டிவிடும்.

சுரங்கத்தில் வாயு பார்ப்பதற்கும் அன்று இதுவே கருவி. திரியைச் சிறிதாக்கி, விளக்கை மெல்லக் கூரைப் பக்கம் உயர்த்த வேண்டும். மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலேதான் தேங்கும். சுடரின் மேல் வெளிர்நீலத் தொப்பி தெரிந்தால் வாயு இருக்கிறது. உயரமாக வளர்ந்தால் உடனே வெளியேற வேண்டும், விளக்கைச் சட்டென்று இறக்கக் கூடாது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

எங்கே தவறும்? காற்றோட்டம் வேகமானால் சுடர் வலைக்கு வெளியே தள்ளப்படும். துருப்பிடித்து ஒரு கண் பெரிதானாலே போதும். வெளிச்சம் மங்கல் என்பதால் வலையைக் கழற்றி வேலை செய்தவர்களும் உண்டு. இதையெல்லாம் விட மோசம், அபாயம் என்று மூடி வைத்திருந்த பகுதிகளை விளக்கை நம்பி உரிமையாளர்கள் திறந்தது. டேவி காப்புரிமை வாங்கவில்லை. ஸ்டீபன்சனும் அதே ஆண்டு தனியாக ஒரு பாதுகாப்பு விளக்கு செய்தார். "முதலில் யார்" என்ற சண்டை வெகுகாலம் ஓடியது.

கேள்வி: 1815-க்குத் தமிழ் ஆண்டு என்ன? பழைய ஓலை, கல்வெட்டுத் தேதியோடு எப்படிப் பொருத்துவது?

ஏப்ரல் வரை பவ, அதன் பின் யுவ. கணக்கு எளிது: 1807-ல் பிரபவ தொடங்கியது, அதை 1 என்று வைத்து எண்ணினால் 1814 எட்டாவது பவ, 1815 ஒன்பதாவது யுவ. பலர் தவறுவது சித்திரை முதல் தேதியில். இன்றைய ஏப்ரல் 14-ஐ அப்படியே 1815-க்குப் போடக் கூடாது. அப்போது ஏப்ரல் 11 வாக்கில் வந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிறந்த நாளை வைத்துச் சரிபார்க்கலாம்: பவ ஆண்டு பங்குனி 26, வியாழக்கிழமை, 1815 ஏப்ரல் 6. பங்குனிக்கு 30 நாள் என்று எண்ணினால் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 11. தம்போரா உச்சமாக வெடித்த மாலை பவ ஆண்டின் கடைசி நாள்.

ரஷ்ய ஆவணம் கையில் இருந்தால் 12 நாள் கூட்டுங்கள். அங்கே பழைய நாட்காட்டிதான். வாட்டர்லூ அவர்களுக்கு ஜூன் 6.