மூன்று நாளுக்கென்று போன தீவில் மூன்று வாரம்

கேள்வி: வேலையை விட்டுவிட்டு, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் என்று ஆறு மாதப் பயணம் கிளம்பியவள் நான். லாவோஸின் வடக்கில் ஒரு வாரம் சுற்றிவிட்டு, தெற்கே மீகாங் ஆற்றுக்குள் இருக்கும் டோன் டெட் தீவில் மூன்று நாள் தங்கலாம் என்று வந்தேன். இன்றோடு 19 நாள் ஆகிறது. காலையில் சைக்கிள், மதியம் வராந்தாவில் கட்டிய வலைத் தூளியில் உறக்கம், மாலையில் மற்ற பயணிகளோடு அரட்டை. பார்க்க நினைத்த ஊர்களில் பாதிக்கு மேல் மிச்சம். "படுத்துக் கிடக்கவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று அப்பா கேட்கிறார். நான் சோம்பேறியாகிவிட்டேனா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை, நீங்கள் சோம்பேறியாகிவிடவில்லை. நீங்கள் இருக்கும் இடம் அவசரக்காரர்களை வெகுகாலமாகவே நிறுத்திவைத்திருக்கிறது. மீகாங் வழியாகச் சீனா வரை நீராவிக் கப்பல் விட நினைத்த பிரெஞ்சுக்காரர்களை, உங்கள் தீவுக்கு அருகே ஆற்றை மறிக்கும் கோன் அருவிகள் தடுத்தன. கப்பலில் வந்ததை இறக்கித் தரை வழியே கொண்டுபோவதற்காக, 1890களில் தொடங்கி, பக்கத்துத் தீவான டோன் கோனிலும் டோன் டெட்டிலும் அவர்கள் ரயில் பாதை போட வேண்டியதாயிற்று. இரண்டு தீவுகளுக்கும் இடையே நீங்கள் சைக்கிளில் கடக்கும் பாலம் அந்த ரயிலுக்காகக் கட்டியதுதான்.

பல வருடங்களுக்கு முன் நானும் அங்கே 11 நாள் தங்கினேன். முதல் மூன்று நாளில் அருவிகளைப் பார்த்து முடித்துவிட்டேன். ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் தங்கியிருந்த வீட்டு அம்மா என்னை அடுப்படிக்குள் விட்டார். முந்தின இரவே ஊறப் போட்ட ஒட்டரிசியை, விடியுமுன் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டி, இடுப்பு ஒடுங்கிய பானையின் வாயில் அதைப் பொருத்தி, ஆவியில் வேகவைப்பார். பாதி வெந்ததும் கூடையை ஒரே உலுக்காக உலுக்குவார். மேலிருந்த அரிசி மொத்தமும் புரண்டு கீழே போய்விடும். நான் முயன்றபோது பாதி அரிசி தரைக்குப் போயிற்று. லி பி அருவியின் பெயருக்கு ஆவிகளைப் பிடிக்கும் பொறி என்று பொருள் என்பதை, மூங்கிலில் மீன் பறி முடைந்துகொண்டிருந்த அவருடைய அண்ணன்தான் சைகையும் சொல்லுமாக எனக்குப் புரியவைத்தார். மூன்று நாளில் திரும்பியிருந்தால் இவை இரண்டும் எனக்குக் கிடைத்திருக்காது. ஆகவே, நீண்ட பயணத்தில் ஓரிடத்தில் நின்றுவிடுவதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று உறுத்தியது. சைக்கிள் இருக்கிறது, தூளி இருக்கிறது, மற்ற பயணிகள் இருக்கிறார்கள். தீவுக்காரர் ஒருவர்கூட இல்லை. பத்தொன்பது நாள் சோறு போட்டவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தும் எழுதாமல் விட்டீர்கள் என்றால், நான் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். தெரியாது என்றால், நீங்கள் தங்கவில்லை, தேங்கியிருக்கிறீர்கள் என்றுதான் அஞ்சுகிறேன். வேலையை விட்ட களைப்பு உடம்பை விட்டு இறங்கவே சில வாரம் பிடிக்கும் என்பதையும் நான் அறிவேன். அந்த உறக்கத்துக்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம். அப்பாவிடமும் "களைத்துப் போயிருந்தேன், இளைப்பாறுகிறேன்" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். ஊர்ப் பட்டியலைக் காட்டிச் சமாதானம் செய்வதைவிட அது அவருக்கு எளிதில் புரியும்.

நீங்கள் குறிப்பிடாத கணக்கு ஒன்றும் உண்டு. லாவோஸில் சுற்றுலா விசா வழக்கமாக 30 நாள்களுக்குத்தான். வடக்கில் ஒரு வாரம், தீவில் 19 நாள் என்றால் 26 நாள் கழிந்துவிட்டது. இன்றே பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரையிலுள்ள தேதியைப் பாருங்கள். கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம் கட்ட நேரும். விசாவை நீட்டிப்பதானால் தீவை விட்டு நகரத்துக்குப் போயாக வேண்டும். கம்போடியா எல்லை பக்கத்திலேயே இருப்பதால், கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே ஆற்றங்கரையிலுள்ள நகாசாங்கிற்குப் படகு ஏறி எல்லையைக் கடப்பதுதான் உங்களுக்கு நல்லது என்பது என் கருத்து. அதற்கான விசா ஏற்பாட்டையும் இப்போதே கவனியுங்கள்.

மிச்சமிருக்கும் இந்த மூன்று நாளில் புதிதாக எந்த அருவிக்கும் போக வேண்டாம். இன்றிரவு அரிசி ஊறப் போடும் நேரத்தில் அந்த வீட்டு அடுப்படி வாசலில் போய் நில்லுங்கள். விடியற்காலையில் உங்களையும் எழுப்பச் சொல்லிக் கேளுங்கள்.