குருத்தெலும்பைக் கரைக்கும் செல்கள்: கேள்வி பதில்

எலும்பு ஸ்லைடுகள் தயாரிப்பதும் பார்ப்பதும்தான் என் வேலை. எலும்பு வளரும்போது குருத்தெலும்பைக் கரைக்கும் செல்களையும் அவற்றின் நொதிகளையும் பற்றிக் கேளுங்கள். மூட்டுவலிக்கு மருந்து கேட்க வேண்டாம்.

பிளஸ் டூ மாணவர்: குருத்தெலும்பு எலும்பாக மாறுகிறது என்று படித்தேன் மேடம். அப்புறம் எதற்கு அதைக் கரைக்க வேண்டும்?

அப்படியே மாறிவிடுவதில்லை தம்பி, பெரும்பாலும் இடத்தைக் காலிசெய்து கொடுக்கிறது. எலும்பு முனையருகே நீளம் கூடும் குருத்தெலும்புப் பகுதியான வளர்ச்சித் தட்டின் அடிப்பக்கச் செல்கள் ஊதிப் பெருக்கும், சுற்றிலும் கால்சியம் படியும். ரத்தக் குழாய்கள் அதைத் துளைத்து உள்ளே வரும், கூடவே பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்களும் (ஆஸ்டியோகிளாஸ்ட்) வந்து கரைக்கும். கரைந்தது போக மிஞ்சும் கம்பிகள் மேல்தான் புது எலும்பு பூசப்படுகிறது. ஊதிய செல்களில் ஒரு பகுதி சாகாமல் எலும்பு கட்டும் செல்லாகவே மாறுவதை 2014இல் எலிகளில் காட்டினார்கள். பரீட்சையில் புத்தகத்தில் இருப்பதையே எழுதிவிடுங்கள்.

முதுகலை மாணவி: எலியின் கால் எலும்பில் டிராப் ஸ்டெயின் போட்டேன். ஒரு செல்கூடச் சிவக்கவில்லை. நைட்ரிக் ஆசிடில் டீகால்சிஃபை செய்தேன், அதாவது கால்சியத்தை நீக்கினேன்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். டிராப் என்பது அந்தப் பெரிய செல்களில் உள்ள நொதி: டார்ட்ரேட் என்ற தடுப்பானுக்கு அடங்காத ஆசிட் பாஸ்பட்டேஸ். நாம் ஊற்றும் நாப்தால் பாஸ்பேட்டிலிருந்து இந்த நொதி பாஸ்பேட்டை வெட்டிவிடும், மிச்சமுள்ள நாப்தால் சாயத்தோடு சேர்ந்து அங்கேயே சிவப்பாகப் படியும். நொதி வேலை செய்தால்தான் நிறம். நைட்ரிக் ஆசிட் அதைக் கொன்றுவிடுகிறது. கால்சியத்தை நீக்க, அதைப் பிடித்திழுக்கும் ஈடிடிஏ கரைசலே போதும்: 10 முதல் 14 சதவீதம், பிஎச் 7.2க்கு மேல், எலி எலும்புக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். பார்மலினில் நாள்கணக்கில் ஊறப்போடாதீர்கள். ஆசிட் வேண்டாம்.

இன்னொன்று. சிவந்தாலும், நொதி இருக்கிறது என்றுதான் பொருள். அந்தச் செல் அந்த நேரத்தில் கரைத்துக்கொண்டிருந்தது என்று தீசிஸில் எழுதிவிடாதீர்கள்.

ஆய்வு மாணவர்: ஃபார்மிக் ஆசிட் மென்மையானதுதானே மேடம்?

அதுவும் ஆசிட்தான். மேலே பாருங்கள்.

உயிர்வேதியியல் ஆசிரியர்: எந்த நொதி எதைச் செய்கிறது?

நல்ல கேள்வி. முதலில் கனிமம் போக வேண்டும். கார்பானிக் அன்ஹைட்ரேஸ்-2 என்ற நொதி புரோட்டான்களுக்கு வழிசெய்ய, செல்லின் மடிப்புவிட்ட விளிம்பிலுள்ள பம்ப் அவற்றை வெளியே தள்ளுகிறது. செல்லுக்கு அடியில் அமிலம் தேங்கிக் கால்சியம் கரைகிறது. அதே அமிலத்தில் கத்தெப்சின் கே என்ற நொதி, கொலாஜன் என்ற புரத இழையை வெட்டுகிறது. குருத்தெலும்பில் நிறைந்திருக்கும் காண்ட்ராய்டின் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலி இந்த நொதிக்குக் கை கொடுக்கிறது. கத்தெப்சின் கே மரபணு கெட்டால் பிக்னோடிசோஸ்டோசிஸ் என்ற பரம்பரை நோய் வரும் என்று 1996இல் தெரிந்தது: குட்டை உருவம், அடர்ந்தும் எளிதில் முறியும் எலும்புகள்.

புரதங்களை வெட்டும் இன்னொரு நொதி எம்எம்பி-9. அதன் கதை எனக்குப் பிடித்தது. 1998இல் அந்த மரபணுவை நீக்கிய எலிகளில், மூன்று வார வயதில் ஊதிய செல்களின் அடுக்கு சுமார் எட்டு மடங்கு நீண்டிருந்தது. ரத்தக் குழாய் உள்ளே வருவது தாமதமானதுதான் காரணம். பிறகு அது பெருமளவு சரியாகிவிட்டது. எலும்புகள் மட்டும் சுமார் 10 சதவீதம் குட்டை.

டிராப் நொதியும் ஸ்லைடில் செல்லைக் காட்டும் வெறும் அடையாளம் அல்ல. அதன் மரபணு பழுதானால் மனிதர்களில் எலும்புக்குள் குருத்தெலும்புத் திட்டுகள் மிஞ்சுவதை 2011இல் கண்டார்கள்.

கால்நடை மருத்துவர்: காண்ட்ரோகிளாஸ்ட் தனிச் செல் வகைதானே?

இல்லை என்பது என் கட்சி. மோனோசைட் என்ற ரத்த வெள்ளையணு வழி வந்த அதே ஆஸ்டியோகிளாஸ்ட், குருத்தெலும்பு மேல் உட்கார்ந்தால் அந்தப் பெயர்.

உயிர்வேதியியல் ஆசிரியர்: அப்படியானால், ஆஸ்டியோகிளாஸ்டே இல்லாத எலிகளில் எலும்பு எப்படி நீள்கிறது?

சார், சரியான இடத்தில் பிடித்தீர்கள். குட்டையாக இருந்தாலும் நீளத்தான் செய்கிறது. 2019இல் நேச்சர் செல் பயாலஜியில் வந்த எலி ஆய்வு, ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களே எம்எம்பி-9 போன்ற நொதிகளைக் கொண்டு குருத்தெலும்பைக் கரைக்கின்றன என்றது. பக்கத்திலிருந்த ஆஸ்டியோகிளாஸ்ட்கள் குழாய் வளர உதவினவாம், கரைப்பதற்கு அவசியமில்லையாம். ஊதிய குருத்தெலும்புச் செல்களும் எம்எம்பி-13 என்ற நொதியைச் சுரந்து தம்மைச் சுற்றியுள்ளதை வெட்டுகின்றன.

கால்நடை மருத்துவர்: அப்போது சிவப்பாகத் தெரிகிற செல்லெல்லாம் சும்மா நிற்கிறதா?

சும்மா இல்லை டாக்டர். கால்சியம் படிந்த நீளவாட்டுக் கம்பிகளைச் செதுக்குவது அவைதான். கால்சியம் படியாத குறுக்குச் சுவர்களை உடைப்பதில்தான் மற்ற செல்களின் பங்கு அதிகம். யார் எந்தச் சுவரை உடைக்கிறார் என்று பிரிக்காமல் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஒரு வாசகர்: உயரம் கூட என்ன மாத்திரை?

வளர்ச்சித் தட்டு மூடியபின் எதுவும் இல்லை. அடுத்து.

இன்னொரு வாசகர்: குளுக்கோசமைன் சாப்பிட்டால் வளருவேனா?

மாட்டீர்கள். முந்தைய பதிலே இதற்கும்.

மருந்தியல் மாணவி: கத்தெப்சின் கே நொதியைத் தடுக்கும் மருந்து உண்டா?

ஓடனகாட்டிப் என்று ஒன்று வந்தது, எலும்புத் தேய்மானத்துக்காக. எலும்பு முறிவுகள் குறைந்தன, ஆனால் பக்கவாத அபாயம் கூடியதால் 2016இல் மெர்க் அதைக் கைவிட்டது.