தொட்டியில் செதுக்கிய பன்னிரண்டு மாதங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, நார்ஃபோக் கடற்கரையோரத்துச் சிற்றூரான பர்ன்ஹாம் டீப்டேலின் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றான். அங்குள்ள பழைய கல் ஞானஸ்நானத் தொட்டியில் களை எடுப்பவரும் கதிர் கட்டுபவருமாகச் செதுக்கியிருக்கிறார்கள். திருமுழுக்குக்கும் வயல் வேலைக்கும் என்ன தொடர்பு?
— வாசகர், திருவையாறு வட்டம்

பதில்: தாங்கள் பார்த்தது 12ஆம் நூற்றாண்டின் அரிய வேலைப்பாடு. சதுரமான அந்தத் தொட்டியின் மூன்று பக்கங்களில், பக்கத்துக்கு நான்கு வளைவுகளாக, ஆண்டின் பன்னிரண்டு மாதங்களும் வரிசையாக அமைந்திருக்கின்றன. நான்காம் பக்கத்தில் இலையும் கொடியும். ஜனவரியில் ஒருவன் கொம்புக் கிண்ணத்தில் குடிக்கிறான், பிப்ரவரியில் குளிருக்குக் கால்களைச் சூடுகாட்டிக்கொள்கிறான், மார்ச்சில் மண்ணைக் கொத்துகிறான். ஜூனில் களையெடுப்பு, ஜூலையில் புல்லறுப்பு, ஆகஸ்டில் கதிர்க்கட்டு, செப்டம்பரில் தடியால் கதிரடிப்பு என்று வேலை வளர்ந்துகொண்டே போய், டிசம்பரில் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து விருந்துண்பதோடு ஆண்டு முடிகிறது. களத்தில் கதிரடித்துப் பழகிய நம் ஊர்க்காரருக்கு, செப்டம்பர்க்காரன் ஓங்கிய தடியைப் பார்த்ததும், விளக்கம் சொல்ல யாரும் தேவைப்பட்டிருக்காது.

மாதத்துக்கொரு தொழிலைக் காட்டும் இந்த வரிசை அக்கால ஐரோப்பாவில் ஆலய வாசல்களிலும் செப நூல்களின் நாட்காட்டிப் பக்கங்களிலும் பரவலாக இருந்தது. தொட்டியில் அதைச் செதுக்கியதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்: தண்ணீருக்கு மேல் ஏந்தப்படும் குழந்தை, அந்த ஊரார் உழுது அறுத்துப் பிழைக்கும் ஆண்டுச் சுழற்சிக்குள்ளும் அதே நாளில் நுழைகிறது, ஆகவே அந்த உழைப்பும் இறைவன் முன்னிலையில் நிற்கத் தகுந்தது என்று அந்தச் சிற்பி கருதியிருக்கிறார். வயல்காரரின் கையைப் புனிதரின் கைக்குச் சமமாகக் கல்லில் வைத்த அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கேள்வி: பழைய தொட்டிகள் பல எட்டுப் பட்டையாக இருப்பது ஏன்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஏழு நாளில் வாரம் முடிய, எட்டாம் நாளாக வரும் ஞாயிறு, கிறிஸ்து உயிர்த்த நாள். அதனால் புதுப்பிறப்பின் எண்ணாக எட்டைக் கொண்டார்கள். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் ஏழு பக்கங்களில் ஏழு அருட்சாதனங்களையும் (திருமுழுக்கு, நற்கருணை, திருமணம் போன்ற திருச்சபைச் சடங்குகள்) எட்டாம் பக்கத்தில் வேறொரு காட்சியையும் செதுக்கிய தொட்டிகள் பல உள்ளன.

கேள்வி: எங்கள் பங்குக் கோயிலைப் புதுப்பிக்கிறார்கள். புதிய பளிங்குத் தொட்டி வரப்போவதால், பழைய கருங்கல் தொட்டியைத் தோட்டத்தில் பூச்செடி வைக்கப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். என் அம்மாவுக்கும் எனக்கும் என் பிள்ளைகளுக்கும் அதில்தான் ஞானஸ்நானம் நடந்தது. அதன் விளிம்பில் எதிரெதிராக இரண்டு துளைகளும் அவற்றுள் ஈயமும் இருக்கின்றன. இதுவும் அந்தக் காலத்துத் தொட்டியாக இருக்குமா?
— வாசகி, மயிலாடுதுறை அருகில்

பதில்: அவ்வளவு பழையதாக இருக்க வழியில்லை. போர்த்துக்கீசியர் நாகப்பட்டினத்தில் குடியேறியதே 16ஆம் நூற்றாண்டில்தான். தரங்கம்பாடியில் ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கின் பணியின் முதல் பலனாகத் தமிழர் ஐவர் திருமுழுக்குப் பெற்றது 1707 மே 12 அன்று. ஆனால், சகோதரி, அதன் மதிப்பை நூற்றாண்டை வைத்து அளக்க வேண்டியதில்லை. வண்டல் படிந்த நம் மண்ணில் பாறை கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லே வெளியிலிருந்து வந்ததுதான். அப்படியிருக்க, ஒரு சிற்றூர்ப் பங்கு மக்கள் எங்கிருந்தோ கருங்கல்லைக் கொண்டுவந்து குடைந்து வைத்தார்கள் என்றால், அது அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக மனமுவந்து செய்த செலவு.

அந்தத் துளைகள் மூடிக்கான இரும்பைப் பொருத்திய இடமாக இருக்கலாம். இரும்பைக் கல்லில் இறுக்க ஈயத்தை உருக்கி ஊற்றுவது கல்தச்சரின் பழைய வழக்கம். மூடியின் கதை பழையது. மந்திரித்த நீரை, அதாவது ஞானஸ்நானத்துக்காக ஆசீர்வதித்த நீரை, மாந்திரீகத்துக்காகத் திருடுகிறார்கள் என்ற அச்சத்தால், தொட்டிகளை மூடிப் பூட்ட வேண்டும் என்று 1236இல் இங்கிலாந்தின் கேன்டர்பரிப் பேராயர் எட்மண்ட் கட்டளையிட்டார். அங்குள்ள பழைய தொட்டிகள் பலவற்றில், பூட்டுக் கொண்டியைப் பிடுங்கியபோது பெயர்ந்த விளிம்பையும் ஒட்டுப்போட்ட துண்டையும் இன்றும் விரலால் தடவி உணரலாம்.

தாங்கள் அஞ்சுவதும் அங்கே நடந்ததுதான். 17ஆம் நூற்றாண்டின் நடுவில், பழைய சடங்குகளை விலக்க விரும்பிய தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) கை ஓங்கியபோது, 1645இன் வழிபாட்டு நெறிநூல் தொட்டிகள் இருந்த பழைய இடத்தில் திருமுழுக்குக் கொடுப்பதையே விலக்கியது. சாதாரணக் கிண்ணங்கள் போதும் என்றானது. வெளியே போன தொட்டிகள் சில மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டிகளாயின. பின்னாளில் அவற்றைப் பண்ணைகளில் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் உண்டு. ஆனால் உடைந்த செதுக்கலும் தேய்ந்த முகமும் திரும்பவில்லை.

ஆகவே பங்குத்தந்தையிடம் நேரில் பேசுங்கள். வழிபாட்டுக்கென அர்ச்சிக்கப்பட்ட பொருளை வேறு பயனுக்குக் கொடுக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1171 தெளிவாகச் சொல்கிறது. பூச்செடி யோசனைக்கு அதுவே போதிய மறுப்பு. பழைய தொட்டியையே பயன்பாட்டில் வைத்திருப்பதுதான் என் விருப்பம். முடியாவிட்டால், கோயிலுக்குள்ளேயே வாசலருகில் வைக்கச் சொல்லுங்கள். நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, அளவு குறித்து, ஞானஸ்நானப் பதிவேட்டோடு சேர்த்து வையுங்கள். அமிலம் ஊற்றிக் கழுவுவதையும் எனாமல் பெயின்ட் அடிப்பதையும் அனுமதிக்காதீர்கள். வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். அடியில் நீர் வடியும் துளை இருந்தால், கொத்தனார் அதைச் சிமென்டால் அடைத்துவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மந்திரித்த நீர் சாக்கடைக்குப் போகாமல் மண்ணுக்குள் இறங்குவதற்காக விட்ட வழி அது.