பற்றவைத்த காது திரும்ப உடைவது ஏன்?

கேள்வி: அப்பா ஓட்டிய 1988 மாடல் பெட்ரோல் அம்பாசிடரை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறோம். நாலு வருஷத்துக்கு முன், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டினோம். போன தை மாதம் அதைத் தாங்கும் பிராக்கெட்டின் காது (போல்ட் நுழையும் நீட்டம்) உடைந்தது. வெல்டிங் வைத்தோம், இரண்டே மாதத்தில் அதே இடத்தில் விட்டுவிட்டது. மறுபடி வைத்தோம், மறுபடி போயிற்று. புது பிராக்கெட் தேடியும் கிடைக்கவில்லை. என்ன வழி?
– வாசகர், மன்னார்குடி

பதில்: காது உடைந்த வண்டியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். உங்கள் இன்ஜினில் அதே பெல்ட்தான் ஃபேனையும் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. திருவாரூரில் நான் பட்டறை போட்ட புதிதில், வேளாங்கண்ணிக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் அவசரப்பட்டது என்று உடைந்த காதைக் கம்பியால் கட்டி அனுப்பினேன். கீழ்வேளூர் தாண்டுவதற்குள் பெல்ட் கழன்று, தண்ணீர் கொதித்து, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. கைக்குழந்தையோடு அவர்கள் வெயிலில் நின்றது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

உங்கள் கடிதத்தில் விஷயம் இருப்பது டைனமோவை மாற்றிய அந்த ஒரு வரியில்தான். டைனமோ நீளம், ஆல்டர்னேட்டர் கட்டை. பழைய பிராக்கெட்டின் இரண்டு காதுக்கும் நடுவே ஆல்டர்னேட்டரை வைத்தால் ஒரு பக்கம் இடைவெளி விழும். அங்கே சரியான அளவில் புஷ் (இடைவெளியை நிரப்பும் குழாய்த் துண்டு) போடாமல் போல்ட்டை முறுக்கினால், காது வளைந்துபோய் ஆல்டர்னேட்டரைத் தொடும். வார்ப்பிரும்புக்கு வளையத் தெரியாது. வளைந்தபடியே இன்ஜின் அதிர்வையும் வாங்கிக்கொண்டு, அடிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் விடும். நீங்கள் இரண்டு முறையும் விரிசலுக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள். இடைவெளி அப்படியே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, கழற்றுவோம். இன்ஜின் ஆறட்டும். முதலில் பேட்டரியின் மைனஸ் வயரை எடுங்கள். ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் வரும் தடித்த வயரில் சாவியை அணைத்தாலும் கரண்ட் இருக்கும்; ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். வயர்களை போனில் படம் எடுத்துக்கொண்டு பிரியுங்கள். பெல்ட் இழுக்கும் பட்டையைத் தளர்த்தி பெல்ட்டை எடுத்தபின், ஒரு கையால் ஆல்டர்னேட்டரைத் தாங்கிக்கொண்டு அச்சு போல்ட்டை உருவுங்கள். பிராக்கெட்டை பிளாக்கில் பிடித்திருக்கும் போல்ட் துருவேறி இறுகியிருந்தால் முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி வையுங்கள். காலையில் முதலில் துளி முறுக்கிப் பார்த்து, அப்புறம் திருப்புங்கள். பிளாக்குக்குள் போல்ட் முறிந்தால் பிராக்கெட் வேலையைவிட அது பெரிய வேலை. எடுத்த போல்ட்டுகளை ஒரு அட்டையில் அதே வரிசையில் குத்தி வைத்தால் நீளம் மாறாது.

அடுத்து, அது என்ன இரும்பு என்று பாருங்கள். கிரைண்டரில் ஓரத்தைத் தொட்டால் வார்ப்பிரும்பு மங்கலான சிவப்பில் குட்டைப் பொறி விடும். சாதாரண தகட்டு இரும்பு நீளமாக, பளிச்சென்று பொறி விடும். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மணல்மணலாக இருந்தாலும் வார்ப்புதான். கேட்டுக்கு வெல்டிங் வைக்கும் சாதாரண ராடை இதில் வைத்தால் பக்கத்து இரும்பு கண்ணாடி மாதிரி இறுகிவிடும். தையல் நிற்கும், தையலை ஒட்டிய இடம் உடையும். உங்களுக்கு அதுவும் நடந்திருக்கலாம்.

வார்ப்புக்கு நிக்கல் ராடு வைக்கலாம். எனக்குப் பிடித்தது கேஸில் பித்தளை வைப்பது. பிராக்கெட்டுக்குப் பித்தளை உருகும் அளவு சூடு ஒருநாளும் வராது. பழைய வெல்டிங்கை முழுக்கச் சீவி எடுத்து, உடைந்த விளிம்புகளைச் சரிவாக்குங்கள். கடைசிச் சீவல் கிரைண்டரில் வேண்டாம், அரத்தில் ராவுங்கள். கிரைண்டர் வார்ப்பிலிருக்கும் கரியை முகத்தில் இழுகிவிடும். கரி மேல் பித்தளை ஒட்டாது, முத்துமுத்தாக உருண்டு ஓடும். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினால் கண்ணுக்குத் தெரியாத விரிசலும் ஈரக்கோடாக எழும்பும். கோடு முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை போட்டுவிடுங்கள், மேலே ஓடாது.

காதை எந்த நிலையில் வைத்துப் பற்றவைப்பது என்பதைக் கண்ணளவுக்கு விடாதீர்கள். கனத்த தகட்டில் பிளாக்கில் உள்ளபடியே துளை போட்டு, பிராக்கெட்டை அதில் முறுக்கி, இரண்டு காதிலும் ஒரே நேர்க்கம்பியை நுழைத்து, அப்படியே வெல்டரிடம் கொடுங்கள். முதலில் பொட்டு, கம்பி இறுகாமல் சுற்றுகிறதா என்று பார்த்து, பிறகு முழுத் தையல். பிராக்கெட் முழுவதையும் நன்றாகச் சூடாக்கிவிட்டு வெங்காரம் போட்டுப் பித்தளை வைக்க வேண்டும். முடிந்ததும் தண்ணீரில் போட்டால் அத்தனையும் வீண். நம் ஊரில் அரிசி ஆலைக்குப் பஞ்சமில்லை. ஒரு சாக்கு உமிச் சாம்பல் வாங்கி வந்து அதில் புதைத்துவிடுங்கள். சூட்டைப் பொத்திவைக்க அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியாது. சாயங்காலம் புதைத்த ஒரு பிராக்கெட்டை மறுநாள் விடியலில் எடுத்தபோது உள்ளங்கைக்கு வெதுவெதுவென்று இருந்தது.

போல்ட் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் பெரிதாக்கி புஷ் இறக்குங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. ஆல்டர்னேட்டரை வைத்து போல்ட்டைக் கையால் மட்டும் சொருகுங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு பொறித்த மெல்லிய தகடுகள்) அளந்து, லேத்தில் அதே நீளத்துக்கு புஷ் கடைந்து போடுங்கள். வாஷரை அடுக்குவது வேண்டாம், நாளடைவில் அமுங்கும். எந்தப் பக்கம் புஷ் என்பதை புல்லிதான் சொல்லும்: கிராங்க் புல்லி முகத்தில் நேர்ப்பட்டை வைத்தால் ஆல்டர்னேட்டர் புல்லியும் அதே கோட்டில் வர வேண்டும். பெல்ட்டைக் கம்பி போட்டு விறைப்பாக நெம்பாதீர்கள். நீளமான பக்கத்தின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கட்டும். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து பேட்டரியில் மீட்டர் வைத்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்ட வேண்டும். 200 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒருதரம் முறுக்கிப் பாருங்கள்.

கேள்வி: என் காரில் அலுமினிய பிராக்கெட். விரிசலை இரண்டு டியூப் எபாக்சி பசை போட்டு ஒட்டலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: கூடாது. சூட்டிலும் அதிர்விலும் விட்டுவிடும். பழைய கழிவுக்கடையில் அதே மாடல் பிராக்கெட் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆர்கான் வெல்டிங். எண்ணெய் ஊறிய அலுமினியம் நுரைத்துக்கொள்ளும் என்பதால் முதலில் நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். உங்கள் ஊர் உப்புக் காற்றில் அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் பிடித்துக்கொள்ளும். திரும்ப மாட்டும்போது மரையில் ஆன்டிசீஸ் கிரீஸ் தடவுங்கள்.